மார்ட்டின் இல்லத்துப் பாடசாலை

1876ஆம் ஆண்டின் வசந்த காலம். பிரான்சு தேசத்தின் நார்மண்டிப் பகுதியிலுள்ள அலான்சோன் நகரில், ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டிலே, மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சுவரில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதத்தின் ஓர் ஓரத்தைத் தெரியாமல் கிழித்துவிட்டாள். காரியம் அற்பமானது. வீட்டிலிருந்தோர் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குழந்தைக்கோ மனம் ஆறவில்லை. தந்தை வெளியே சென்றிருந்தார். அவர் திரும்பிவர நான்கு மணி நேரமாயிற்று. அதற்குள் மற்றவர்கள் அச்செய்தியையே மறந்துவிட்டனர். அவர் வீட்டினுள் நுழைந்ததும் குழந்தை தன் மூத்த அக்காளிடம் ஓடி, தான் காகிதத்தைக் கிழித்ததை அப்பாவிடம் உடனே சொல்லிவிடும்படி வேண்டினாள். சொல்லி முடியும்வரை, தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளிபோல் நின்றாள். தானே முன்வந்து ஒப்புக்கொண்டால் மன்னிப்பு எளிதில் கிடைக்கும் என்பதை அந்தப் பிஞ்சு உள்ளம் எப்படியோ கண்டுகொண்டிருந்தது.

விடுதியில் தங்கிப் பயின்ற மற்றொரு மகளுக்கு அவளுடைய தாய் எழுதிய கடிதத்தால் இதனை அறிகிறோம். அந்தத் தாய் செலி குவெரின். தந்தை லூயி மார்ட்டின். காகிதத்தைக் கிழித்த சிறுமி, நம் பங்குகள்தோறும் எத்தனையோ பெண்மக்கள் பெயர் தாங்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா.

எப்படியோ என்று எழுதிவிட்டேன். ஆனால் அது தற்செயலாக வந்த ஞானமன்று. உடைந்த பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கும் பிள்ளைகளை நாம் நம் வீடுகளில் அறிவோம். பிள்ளை ஒளிப்பது பாத்திரத்தையன்று, தன்னைத்தான். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று இரண்டு முறை கண்ட பிள்ளை மூன்றாம் முறை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. அலான்சோன் வீட்டுக் குழந்தை தன் குற்றத்தைத் தந்தையிடம் கொண்டுபோகத் துடித்ததென்றால், அதற்கு முன்பே அந்த வீட்டில் பல முறை உண்மை பேசப்பட்டு, பல முறை மன்னிப்பு வழங்கப்பட்டிருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு நற்குணத்தைப் பயிற்றுவிப்பது பற்றிப் பேசப் புகும் எவரும், இந்த வீட்டின் கதவைத் தட்டிப் பார்ப்பது நன்று. இந்த வீட்டில் பாடசாலையும் நடந்தது; பெற்றோரும் அக்காமாருமே ஆசிரியர்கள்.

லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினும் கடையைத் திறக்கமாட்டார். செலி அம்மையார் அலான்சோன் நகருக்கே பெருமை தந்த ஊசிப் பின்னல் லேஸ் தொழிலைச் சொந்தமாக நடத்தியவர். தம் வீடுகளிலேயே இருந்து பின்னும் பெண்களுக்கு வேலை கொடுத்து, அவர்கள் கொண்டுவரும் துண்டுகளைத் தாமே இணைத்துக் கொடுப்பார். 1858ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் நள்ளிரவில் இவ்விருவருக்கும் திருமணம் நடந்தேறியது. ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். இரண்டு ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர்கள் ஐந்து பெண்கள்: மரீ, பொலின், லெயோனி, செலின், தெரேசா.

செலி அம்மையாரின் சொந்தக் குழந்தைப் பருவம் இன்பமானதாக அமையவில்லை. அவருடைய தாய் கண்டிப்பு மிகுந்தவர். விளையாட ஒரு சிறு பொம்மைகூடத் தமக்குக் கிடைத்ததில்லை என்றும், தம் இளமை சவத்துணியைப்போல் துயர் படிந்தது என்றும் பொருள்பட அவர் தம் சகோதரருக்கு எழுதியிருக்கிறார். தாம் பெற்ற கண்டிப்பையே தம் பிள்ளைகளுக்கும் மாற்றிக் கொடுப்பவர் உண்டு. தாம் பெறாததைக் கொடுக்க முனைபவரும் உண்டு. செலி இரண்டாம் வகையைச் சார்ந்தவர். அதற்காகக் கண்டிப்பை அவர் கைவிட்டுவிடவில்லை. பெற்றோர் இருவரும் அதிகாலை ஐந்தரை மணித் திருப்பலிக்குத் தவறாமல் செல்வார்கள்; இரவில் நெடுநேரம் விளக்கொளியில் செலியின் ஊசி ஓடும். பிள்ளைகளிடம் உழைப்பைப் பற்றித் தனியே பிரசங்கம் செய்யவேண்டிய அவசியம் அந்த வீட்டில் நேரவில்லை.

மூத்தவர் இருவரும் லெ மான் நகரில் விசிட்டேஷன் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றனர். செலியின் உடன்பிறந்த அக்காள் அம்மடத்தில் துறவியாக இருந்தார். 1875ஆம் ஆண்டு படிப்பை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய மரீக்கு அப்போது வயது பதினைந்து. ஆறு வயது செலினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவள் ஏற்றாள். மூன்று வயதுகூட நிரம்பாத தெரேசாவுக்கு அந்த அறையைவிட்டு அகல மனமில்லை. சத்தம் போடக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் அவளுக்கு அனுமதி கிடைத்தது. தைக்க ஒரு துணித்துண்டையோ கோக்கச் சில மணிகளையோ மரீ அவள் கையில் கொடுத்துவிடுவாள். குழந்தை இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கும். சில வேளைகளில் ஊசியிலிருந்து நூல் நழுவிவிடும். திரும்பக் கோக்கத் தெரியாது. பாடத்தைக் குலைத்து அக்காளை அழைக்கவும் துணிவில்லை. கண்ணீர் மட்டும் உருண்டோடும். மரீ கண்டு நூலைக் கோத்துக் கொடுத்ததும் அழுகைக்கிடையே சிரிப்பு மலரும். இதையும் தாயின் கடிதமே நமக்குச் சொல்கிறது. பொறுமை என்னும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் அந்த மூலையில் நடந்துகொண்டிருந்தது.

இதே காலத்தில்தான் மரீ தங்கைகளுக்கு நகரும் மணிகள் கோத்த கயிறு ஒன்றைக் கொடுத்தாள். தன் விருப்பத்தை அடக்கி ஒரு நற்செயல் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு மணியைத் தள்ளவேண்டும். தெரேசா நாள் முழுதும் சட்டைப்பைக்குள் கைவிட்டு மணிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் விளையாடும்போதும் இரு சிறுமியரும் தங்கள் கணக்கையே பேசிக்கொண்டிருக்க, அண்டை வீட்டு மாது ஒருத்தி இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று விளங்காமல் விழித்தாளாம். இந்த மணிக்கயிற்றைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரேசா பிறவியிலேயே சாந்த குணமுள்ளவள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தாயின் கடிதங்கள் வேறு விதமாகச் சொல்லுகின்றன. பிடிவாதக்காரி, தரையை முத்தமிட்டால் ஒரு காசு தருவதாகத் தாய் விளையாட்டாகச் சொன்னபோது, காசு வேண்டாம், குனியமாட்டேன் என்று மறுத்த தன்மானக்காரி. ஒரு நாள் அவள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். அவ்வழியே வந்த தந்தை, தம் சின்ன ராணியை முத்தமிட அழைத்தார். வேண்டுமானால் நீங்களே வாருங்கள் அப்பா என்ற பொருளில் அவள் குறும்பாகப் பதிலளித்தாள். தந்தை ஒன்றும் பேசவில்லை. கோபிக்கவுமில்லை, அருகில் செல்லவுமில்லை. தம் வழியே போய்விட்டார். அங்கிருந்த மரீ, அப்பாவிடம் இப்படிப் பேசலாமா என்று கடிந்துகொண்டாள். மறுகணம் குழந்தை ஊஞ்சலைவிட்டு இறங்கி, வீடு அதிர அழுதுகொண்டே மாடிப்படி ஏறி ஓடினாள். அவள் படியேறும் வழக்கம் எத்தகையதெனில், ஒவ்வொரு படியிலும் அம்மா என்று கூப்பிடுவாள். தாய் பதில் குரல் கொடுத்தால்தான் அடுத்த படியில் கால் வைப்பாள். அன்று ஒரு படியிலும் அவள் தாயைக் கூப்பிடவில்லை. தந்தையிடம் போய்ச் சேரவேண்டும் என்ற நினைவு ஒன்றே இருந்தது. அப்பா சிரித்துவிட்டுப் போயிருந்தால், அல்லது கையை ஓங்கியிருந்தால், இது நடந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. அவருடைய மௌனம் அடியைக்காட்டிலும் ஆழமாகப் பதிந்தது. பெரியவளான பின்பும், தந்தை செய்ததே சரி என்றுதான் தெரேசா எழுதிவைத்தாள்.

1876ஆம் ஆண்டு டிசம்பரில், செலி அம்மையாரின் மார்பிலிருந்த கட்டி புற்று என்றும், குணமாக்க வழியில்லை என்றும் மருத்துவர் கூறினர். மறு ஆண்டு ஜூனில் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து மாதா திருத்தலத்திற்குச் சென்றார். குணம் கிடைக்கவில்லை. 1877 ஆகஸ்டு 28ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். அடக்கம் முடிந்த அன்று, செலின் மரீயைக் கட்டிக்கொண்டு இனி நீயே அம்மா என்றாள். நாலரை வயதுத் தெரேசா பொலினைத் தேர்ந்தாள். நவம்பரில் குடும்பம் தாய்மாமன் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்து, லெ புய்சோனே என்று பெயர் பெற்ற தோட்ட வீட்டில் குடியேறியது.

இங்குதான் பொலினின் பாடசாலை தொடங்கியது. ஆசிரியைக்கு வயது பதினாறு, மாணவி ஒருத்தியே. கைவரிசையாக எழுதும் பயிற்சியை மரீ அளித்தாள். மற்றவை யாவும் பொலின் பொறுப்பு. தெரேசா தானாக எழுத்துக்கூட்டி வாசித்த முதற் சொல் விண்ணுலகைக் குறிப்பது. பாடம் முடிந்ததும் தான் பெற்ற மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, வீட்டின் உச்சி மாடத்தில் வாசித்துக்கொண்டோ செபித்துக்கொண்டோ இருக்கும் தந்தையிடம் ஏறிச் சென்று காட்டுவாள். மாலையில் தந்தையோடு நடை. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு கோவிலில் நற்கருணை ஆண்டவரைச் சந்தித்துவிட்டு வருவார்கள். வழியில் காணும் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய காசைத் தந்தை குழந்தையின் கையில் கொடுப்பார். இரவில் பலகையில் காய் நகர்த்தும் ஆட்டம். பிறகு அக்காமார் திருவழிபாட்டு ஆண்டு பற்றிய நூலொன்றிலிருந்தும், வேறு நல்ல புத்தகங்களிலிருந்தும் உரக்க வாசிப்பார்கள். தந்தை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பாடுவார். இறுதியில் குடும்பச் செபம்.

பொலின் காரணமின்றிக் கடிந்ததில்லை. முடிவென்று ஒன்றைச் சொன்னபின் அதை மாற்றியதுமில்லை. தெரேசா இதை நன்றியோடு நினைவுகூர்கிறாள். இருட்டில் அவளுக்குப் பயம். பொலின் வேண்டுமென்றே மாலை வேளையில் தொலைவிலுள்ள அறையிலிருந்து ஏதேனும் பொருளை எடுத்துவரும்படி அவளைத் தனியே அனுப்புவாள், மறுப்பை ஏற்கமாட்டாள். அவ்வாறு செய்யாவிடில் தான் மிகுந்த கோழையாகியிருப்பாள் என்பது தெரேசாவின் சொந்த எண்ணம். இன்று நாம் பேயையும் பூச்சாண்டியையும் சொல்லிச் சோறூட்டுகிறோம். பின்பு பிள்ளைக்குத் துணிவில்லையே என்று வருந்துகிறோம்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறையிலும் பொலின் கெட்டிக்காரி. விண்ணகத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு மகிமை இல்லையென்றால், குறைவாகப் பெற்றவர் வருந்தமாட்டாரா என்று ஒரு நாள் குழந்தை கலங்கியது. பொலின் தந்தையின் பெரிய தம்ளரையும், தையலின்போது விரல் நுனியில் மாட்டும் சின்னஞ்சிறு உலோகக் கூட்டையும் கொண்டுவரச் சொன்னாள். இரண்டிலும் விளிம்புவரை நீர் ஊற்றி, எது அதிகம் நிறைந்திருக்கிறது என்று கேட்டாள். இரண்டுமே நிறைந்திருந்தன, இனி ஒரு துளியும் கொள்ளாது. குழந்தை தெளிந்தது. பிற்காலத்தில் திருச்சபையின் மறைவல்லுநர் என்று 1997இல் அறிவிக்கப்பட்டவருக்கு இறையியல் இப்படித்தான் தம்ளரில் தொடங்கியது.

அக்காலத்தில் வீட்டுக் கல்வி பிரான்சில் புதுமையன்று. ஆறு முதல் பதின்மூன்று வயதுவரை கல்வி கட்டாயம் என்ற சட்டம் 1882இல்தான் வந்தது. அச்சட்டமும் வீட்டிலேயே கற்பிக்க இடமளித்தது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் எடுத்துரைத்தது. நம் பெற்றோர் பலர் இதை ஏட்டில் வாசித்து மறந்திருந்தோம். 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே திடீரென்று நாமே ஆசிரியர்களாகி நின்று திகைத்தோம்.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மார்ட்டின் இல்லம் குறையற்றது என்று காட்டுவது என் நோக்கமன்று. 1881 அக்டோபரில், எட்டரை வயதில், தெரேசா லிசியேயிலிருந்த ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் பள்ளியில் சேர்ந்தாள். படிப்பில் பின்தங்கவில்லை, தன்னைவிட மூத்தவர்களோடு அமர்ந்து வகுப்பில் முதலிடம் பெற்றாள், ஞான உபதேச வகுப்பில் குருவானவரின் பாராட்டையும் பெற்றாள். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு விளையாட அவளுக்குத் தெரியவில்லை. பொறாமை கொண்ட மூத்த மாணவி ஒருத்தி துன்புறுத்தியபோது எதிர்த்துப் பேசவோ எவரிடமும் முறையிடவோ தெரியவில்லை. அழ மட்டும் தெரிந்தது. அந்த ஐந்து ஆண்டுகளைத் தன் வாழ்வின் மிகத் துயரமான காலமாக அவள் குறிப்பிடுகிறாள். 1886இன் தொடக்கத்தில் ஓயாத தலைவலி காரணமாகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, தனி ஆசிரியை ஒருவரிடம் பாடம் கேட்டாள். பாசம் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வெளியுலகின் கரடுமுரடு திடீரென்று வந்து மோதினால் என்ன நேரும் என்பதை வீட்டில் பயிற்றுவிக்கும் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த அழுகை எளிதில் நீங்கவில்லை. அழுதால், அழுததற்காகவும் அழுவாளாம். 1886 கிறிஸ்துமஸ் இரவு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினர். கணப்படுப்பருகே காலணிகளில் பரிசு வைக்கும் வழக்கம் கடைக்குட்டிக்காக இன்னும் தொடர்ந்தது. களைத்திருந்த தந்தை, நல்ல வேளை, இதுதான் கடைசி ஆண்டு என்ற கருத்தில் சலித்துக்கொண்டார். படியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. செலின், இப்போது கீழே போகாதே என்று தடுத்தாள். தெரேசா கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து, தந்தை முன் அமர்ந்து, ஒவ்வொரு பரிசையும் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டினாள். தந்தையும் சிரித்தார். பதினான்கு வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பத்து ஆண்டு முயன்றும் தன்னால் முடியாததை ஆண்டவர் ஒரு நொடியில் செய்து முடித்தார் என்று அவள் நம்பினாள். பெற்றோரும் அக்காமாரும் செய்த பயிற்சி வீணென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சியால் மட்டும் எட்டாத ஓர் இடம் பிள்ளையின் உள்ளத்தில் உண்டு.

மணிக்கயிற்றைப் பற்றிய சந்தேகமும் இதையொட்டியதே. 1885இல் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு காலம், தான் நினைப்பதும் செய்வதும் யாவும் பாவமோ என்னும் கலக்கத்தால் தெரேசா வாடினாள். நாள்தோறும் மரீயிடம் சொல்லி அழுதால்தான் ஆறுதல். நற்செயலை எண்ணிக்கொண்டே வளரும் பிள்ளை குற்றத்தையும் எண்ணத் தொடங்கிவிடுமோ? உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அவளே, கார்மேல் மடத்துக் கன்னியாக 1895 ஜூன் 9ஆம் நாள் தன்னை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்த செபத்தில், தன் செயல்களைக் கணக்கிடவேண்டாம் என்றும், வெறுங்கையோடு வந்து நிற்கவே விரும்புவதாகவும் எழுதினாள். சிறுபிள்ளைக்கு மணிக்கயிறு உதவலாம். அதை என்று கீழே வைப்பது என்பதையும் யாரேனும் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

இவ்வளவு நேரம் ஒருத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே வந்தேன். அந்த வீட்டிலும் அப்படித்தான் அவள் ஒதுங்கி நின்றாள். மூன்றாம் மகள் லெயோனி, 1863இல் பிறந்தவள். குழந்தையிலேயே நோய்வாய்ப்பட்டவள், தோல் வியாதியும் இருந்தது, படிப்பு ஏறவில்லை, கீழ்ப்படிதல் என்பது அறவே இல்லை. அக்காமார் சிறந்து விளங்கிய லெ மான் மடத்துப் பள்ளிக்கு இருமுறை அனுப்பப்பட்டு இருமுறையும் திருப்பி அனுப்பப்பட்டாள். செலி அன்பால் முயன்றார், கண்டிப்பால் முயன்றார், இரண்டும் பலிக்கவில்லை. இந்தப் பிள்ளை என்ன ஆவாளோ என்ற அச்சம் அவருடைய கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. வியப்பென்னவெனில், தாயின் சொல்லைத் தட்டும் இப்பெண் வீட்டுப் பணிப்பெண்ணின் சொல்லுக்கு மட்டும் உடனே அடங்கினாள். அவள் தாயின் பக்கம் வருவதே அரிதாயிற்று.

1877 மார்ச் மாதத்தில் மரீ உண்மையைக் கண்டறிந்து தாயிடம் சொன்னாள். பணிப்பெண் பல ஆண்டுகளாக லெயோனியை மிரட்டியும் கொடுமை செய்தும் தன் கைக்குள் வைத்திருந்தாள். தான் சொன்னதைத்தான் செய்யவேண்டும், தாயிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது கட்டளை. பிடிவாதக்காரப் பிள்ளையை அடக்கி ஒரு சேவை செய்வதாகவே அப்பெண் எண்ணியிருந்தாள். சில வாரங்களுக்கு முன்புதான் லெ மான் மடத்திலிருந்த செலியின் அக்காள் இறந்திருந்தார். விண்ணகம் சென்றதும் லெயோனிக்காக மன்றாடும்படி செலி அவரிடம் வேண்டிக்கொண்டிருந்தார். உண்மை வெளிப்பட்டது அதன் பயனே என்று அவர் கருதினார். வன்முறை யாரையும் மனந்திருப்பியதில்லை, அடிமைகளையே உண்டாக்கும் என்பது அவர் அப்போது எழுதியதன் சாரம். இனி லெயோனியிடம் பேசவே கூடாது என்று பணிப்பெண்ணுக்குக் கட்டளை பிறந்தது.

செலியின் வேதனையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதிகாலைத் திருப்பலி தவறாத தாய். பிள்ளைகளுக்காகவே உழைத்த தாய். அதே கூரையின்கீழ், தம் கண்முன்னே நடந்தது அவருக்குத் தெரியவில்லை. பிள்ளையின் கெட்ட குணம் என்று அவர் எத்தனையோ ஆண்டுகள் கருதியது, பிள்ளையின் பயம். லேஸ் தொழிலின் ஓயாத அலுவல் அவர் கண்ணை மறைத்ததோ என்று கேட்கத் தோன்றுகிறது; ஆனால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உண்மை தெரிந்தபின் அவர் செய்ததுதான் பெரிது. பெண்ணைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். கூடவே அமர்த்தி வேலை செய்வித்தார், கூடவே செபித்தார். சில வாரங்களிலேயே லெயோனி தாயைவிட்டு அகலாதவளானாள். ஏவிய வேலையை மனமுவந்து செய்தாள். தாய்க்கோ உயிர் ஒழுகிக்கொண்டிருந்தது. தம்மைக் குணமாக்கும்படி அவர் இறைவனிடம் கேட்டது பெரும்பாலும் இந்தப் பெண்ணின் பொருட்டே. கிடைத்தது ஏறத்தாழ ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதம் போதுமானதாயிற்றா என்றால், உடனே இல்லை. பொலின், மரீ, தெரேசா, செலின் என்று நால்வரும் ஒருவர்பின் ஒருவராக லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தனர். லெயோனி 1886இல் கிளாரா சபை மடத்தில் நுழைந்து சில வாரங்களில் வெளிவந்தாள். 1887இல் கான் நகர விசிட்டேஷன் மடத்தில் நுழைந்து, ஆறு மாதத்தில் திரும்பினாள். 1893இல் மீண்டும் அங்கே சென்று, இரண்டு ஆண்டில் திரும்பினாள். தந்தை 1894இல் மறைந்தார்; தெரேசா 1897இல் மறைந்தாள். 1899 ஜனவரியில், முப்பத்தைந்தாம் வயதில், லெயோனி நான்காம் முறையாக மடத்துக் கதவைத் தட்டினாள். இம்முறை வெளிவரவில்லை. பிரான்சுவாஸ் தெரேசா என்னும் பெயருடன், எவரும் கவனியாத எளிய வேலைகளைச் செய்துகொண்டு, நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1941 ஜூன் மாதம் எழுபத்தெட்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் ஒருசேரப் புனிதராக அறிவிக்கப்பட்டனர். அதே ஆண்டில்தான் லெயோனிக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான முதற்படி விசாரணையும் தொடங்கியது. சொற்கேளாப் பிள்ளைகளை நினைத்து உறக்கமிழந்த தாய் தந்தையர் அவரிடம் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி மன்றாடுகிறார்கள்.